கைதும் எதிர்ப்பும்: சட்டம் எதைக் குற்றம் என்கிறது?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

“அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக வழக்கு.” நாளிதழ்களில் நாம் அடிக்கடி காணும் தொடர் இது. மறியலாயினும், பேருந்து நிலையத் தகராறாயினும், திருவிழாப் பூசலாயினும், கைது என்று ஒன்று நடந்தால் இத்தொடரும் நிழல்போல் உடன் வருகிறது. இதன் பொருளை இயற்பியல் மாணவன் ஏன் ஆராய வேண்டும் எனச் சிலர் வினவலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஊரில் எவருக்கேனும் காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ தாள் வந்தால், படித்துச் சொல்ல என்னைத்தான் அழைக்கின்றனர். ஆகவே படித்தறிய வேண்டியதாயிற்று.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. எண்கள் மாறின, இப்பொருளில் சாரம் பெரிதும் மாறவில்லை. பொது ஊழியரின் பணிக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது 221ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன்னைச் சட்டப்படி கைது செய்வதை எதிர்ப்பது 262ஆம் பிரிவு: இரண்டாண்டு வரை சிறை. கடமையைத் தடுக்கும் நோக்குடன் ஊழியரைத் தாக்குவது அல்லது அவர்மீது வன்விசை செலுத்துவது 132ஆம் பிரிவு. பழைய 353 என்றால் பலருக்கு உடனே விளங்கும். இதற்கும் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஆனால் இது ஜாமீனில் விட முடியாத குற்றம். ஜாமீனே கிடையாது என்பது இதன் பொருளன்று. காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது, நீதிமன்றம் தன் விருப்புரிமையில் தரலாம் என்பதே பொருள். இச்சொல்லைக் கேட்டு நடுங்கி, ஜாமீன் மனுவே போடாமல் இருந்துவிடும் எளியோர் உளர்.

விசை என்றால் என்ன? இங்கேதான் எனக்குப் பெருவியப்பு ஏற்பட்டது. மற்றொருவரிடத்தில் இயக்கத்தையோ, இயக்க மாற்றத்தையோ, இயக்க நிறுத்தத்தையோ உண்டாக்குவது விசை என்கிறது சட்டம். நியூட்டனின் விதியை வகுப்பில் கேட்டவர்க்கு இதனைத் தனியே விளக்க வேண்டியதில்லை! சம்மதமின்றி, தீங்கோ அச்சமோ தொல்லையோ விளைவிக்கும் எண்ணத்துடன் அவ்விசையைச் செலுத்தினால் அது குற்றமாகிறது. ஓங்கிய கை படாவிட்டாலும் தாக்குதல் ஆகலாம். ஆனால் வெறும் சொற்கள் மட்டும் தாக்குதல் ஆகா எனச் சட்டத்திலேயே விளக்கம் உள்ளது. பெங்களூர்ப் போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் குறைகூறி எழுதியவர்கள் மீது போடப்பட்ட 353 வழக்கை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தாக்குதலோ வன்விசையோ அங்கு இல்லை என்பதே காரணம்.

அப்படியானால், தவறான கைதைக் கையால் தடுக்கலாமா? கூடாது. 37ஆம் பிரிவு நம்மில் பெரும்பாலோர் அறியாதது. பொது ஊழியர் நல்லெண்ணத்துடன், தம் பதவியின் பேரில் செய்யும் செயல் சட்டப்படி முற்றிலும் சரியல்ல எனினும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தராதவரை, அதற்கெதிராகத் தற்காப்புரிமை இல்லை. எங்கள் தெருவில் ஒருவர், திருவிழாச் சண்டையை விலக்கப் போனவர். சண்டை பற்றிய புகாரில் அவர் பெயரே இல்லை. தோளைப் பிடித்த காவலரின் கையை உதறியதால் எழுந்த இரண்டாவது வழக்கில்தான் அவர் பெயர் ஏறியது.

கையை அசைக்காதிருப்பது வாயை மூடியிருப்பதாகாது. “ஐயா, எதற்காகக் கைது செய்கிறீர்கள்?” என்று கேட்பது எதிர்ப்பன்று, அரசமைப்பின் 22ஆம் உறுப்பு தந்த உரிமை. காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என 2025இலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. டி.கே. பாசு வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு கைதுக் குறிப்பாணையைக் கட்டாயமாக்கியது. அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். நேரமும் நாளும் இருக்க வேண்டும். கையொப்பமிடுமுன் நேரத்தைப் பாருங்கள். ஏனெனில் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் அதன் அறிக்கை நகலும் கைதானவரின் உரிமை. விசாரணையின்போது தாம் விரும்பும் வழக்குரைஞரைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க இயலாது. தன்னைக் குற்றவாளியாக்கும் பதிலைச் சொல்ல மறுக்கவும் செய்யலாம். நந்தினி சத்பதி வழக்கில் 1978இலேயே இதனை நீதிபதி கிருஷ்ணய்யர் விரித்துரைத்தார்.

வழக்குரைஞர் வந்தபின் அவர் கேட்கும் வினாக்கள் வேறு. 262க்குக் கைது சட்டப்படியானதா என்பதே அடிப்படை. 221க்கு, உரிய ஊழியரோ, அவருடைய மேலதிகாரியோ, அவ்வூழியர் அதிகாரமளித்த வேறு பொது ஊழியரோ எழுத்தில் முறையீடு தராமல் நீதிமன்றம் வழக்கை ஏற்கவே முடியாது. 132க்கு விசை எங்கே? காவலரின் காயச் சான்று என்ன சொல்கிறது? ஏழாண்டுக்கு உட்பட்ட குற்றத்தில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை என்று 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு கூறியிருக்க, நோட்டீசு தராமல் ஏன் கைது செய்தனர்? காவல் நிலையங்களில் கேமரா வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உத்தரவு. அப்பதிவு அழியுமுன் அதனைக் கேட்டு மனுச் செய்வதும் அவர் வேலையே.

இவ்வளவுக்கும் பணம்? கொள்ளையர்க்குக் கட்டணம் கொடுக்க இயலும், கூலியாளுக்கு இயலாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும் வருமானம் பாராமல் இலவச வழக்குரைஞர் பெறத் தகுதியுடையவர். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரும் அவ்வாறே. முதன்முறை நடுவர் முன் நிற்கும்போதே இவ்வுரிமை தொடங்குகிறது என்பது பாகல்பூர்க் கைதிகள் வழக்கில் 1980இல் கிடைத்த தீர்ப்பு. அடிபட்டிருந்தால் அதையும் அப்போதே நடுவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நம்மைப் போன்று அரசு வேலையை நம்பிப் படிப்போர்க்கு இன்னொன்று. பணியில் சேருமுன் காவல்துறை நம் முன்வரலாற்றைச் சரிபார்க்கும். வழக்கு இருந்தால் வேலை போய்விடுமென அஞ்சி விண்ணப்பத்தில் மறைப்பவர் உண்டு. கேட்கப்பட்டதற்கு உண்மையே எழுத வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் அவதார் சிங் தீர்ப்பு. உண்மையை எழுதினாலும் அமர்த்துவோர் ஆராய்ந்தே முடிவெடுப்பர்; வேலை உறுதியன்று. அதனால்தான் சிறு வழக்கெனினும் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்னும் திண்ணைப் பேச்சை எனக்கு ஏற்க முடியவில்லை. அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். அதற்குமுன் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிக்கொள்வர்.