ஃபெல்லோஷிப் அரசு வேலை அல்ல: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2023 ஜூலை தொடக்கத்தில், டெல்லி அரசுத் துறைகளில் ஃபெல்லோ, இணை ஃபெல்லோ, ஆலோசகர் போன்ற பெயர்களில் பணியாற்றிவந்த ஏறத்தாழ 400 பேரை நீக்க உத்தரவு வந்தது. துணைநிலை ஆளுநரின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்டார்கள், இடஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. டெல்லி சட்டமன்ற ஆய்வு மையத்தில் இருந்த ஃபெல்லோக்கள் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். அந்த அரசியல் மோதலில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். நியமன முறையில் குறை இருந்ததாகச் சொல்லப்பட்டபோது, அதை வகுத்தவர்களுக்கு முன்பாக, அதன் வழியே சேர்ந்த இளைஞர்கள் வெளியேறினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இதைப் படித்துவிட்டு இத்தகைய வாய்ப்புகளே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு திட்டம் கோப்பிலிருந்து கிராமத்துக்கு எப்படிப் போகிறது, எங்கே சிக்கி நிற்கிறது என்பதை இருபத்தைந்து வயதில் உள்ளிருந்து பார்ப்பது பெரிய படிப்பு. ஆனால், அது எத்தனை காலத்துக்கான படிப்பு, யார் பொறுப்பில் நடக்கிறது, முடிந்த பிறகு என்ன என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

என்னென்ன வாய்ப்புகள்?

தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறை நடத்தும் இதில் 2022-24 முதல் அணிக்கு 30 இடங்கள் அறிவிக்கப்பட்டன. கல்விப் பங்காளி, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம். 2024-26 அணிக்கான அறிவிப்பின்படி காலம் இரண்டு ஆண்டு. மாத மதிப்பூதியம் 65,000 ரூபாய், பயணம், தொலைபேசி போன்றவற்றுக்குக் கூடுதலாக 10,000 ரூபாய். வயது 22 முதல் 30 வரை. பட்டியல் வகுப்பினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் வயது வரம்பில் தளர்வு உண்டு. தமிழறிவு கட்டாயம். முதல்நிலைத் தேர்வு, விரிவான எழுத்துத் தேர்வு, நேர்காணல் என மூன்று கட்டங்கள்.

ஒன்றிய அரசில், திறன் மேம்பாட்டு அமைச்சகம் ஐஐஎம் நிறுவனங்களுடன் சேர்ந்து மகாத்மா காந்தி தேசிய ஃபெல்லோஷிப்பை நடத்தியது. இரண்டாண்டு காலம் மாவட்ட நிர்வாகத்தோடு இருந்து வேலை பார்க்க வேண்டிய திட்டம் அது.

இன்டர்ன்ஷிப் இதைவிடக் குறுகியது. நிதி ஆயோக்கில் ஆறு வாரம் முதல் ஆறு மாதம்வரை இருக்கலாம்; ஊதியம் கிடையாது. வெளியுறவு அமைச்சகத்தின் இன்டர்ன்ஷிப் கொள்கையில் மாதம் 10,000 ரூபாய் தரப்படுகிறது. ஊதியமில்லாத இடத்துக்கு விண்ணப்பிக்கும் முன், டெல்லியில் தங்கும் செலவை யார் ஏற்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ போகும் பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாடும்தான் முதல் தடை.

பெயரைப் பார்த்துக் குழம்பக்கூடிய இரண்டு திட்டங்களும் உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பதற்கானது அல்ல. பெரிய தனியார், பொதுத்துறை நிறுவனங்களில் பயிற்சி பெறுவதற்கானது. நாடாளுமன்ற உறுப்பினர்களுடன் பணியாற்றும் ‘லாம்ப்’ ஃபெல்லோஷிப்பை நடத்துவது நாடாளுமன்றம் அல்ல. பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு. இரண்டுமே நல்ல வாய்ப்புகள்தான். ஆனால், குறை வந்தால் யாரிடம் கேட்பது என்பது நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்தே அமையும்.

எது கிடைக்காது?

ஃபெல்லோஷிப் முடித்தால் பணி நிரந்தரமாகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். ‘கர்நாடக மாநிலம் எதிர் உமாதேவி’ வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முறையான போட்டித் தேர்வு வழியாக வராத தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்கள் நீண்ட நாள் பணியாற்றியதாலேயே நிரந்தரம் கோர முடியாது. எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று அரசமைப்புச் சட்டம் சொல்லும்போது, பின்வாசல் வழியாக ஒருவரை நிரந்தரமாக்குவது வெளியே காத்திருப்பவர்களுக்கு இழைக்கும் அநீதி என்பதே அதன் அடிப்படை.

யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி தேர்வுகளிலும் இந்த அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. குடிமைப் பணி நேர்காணலில், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய பணி அனுபவத்தை ஒட்டிக் கேள்வி வரும். அங்கே களத்தில் கண்டதைச் சொல்ல முடிவதுதான் பயன். ஆகவே தேர்வு எழுத நினைப்பவர்கள் தங்கள் வயது வரம்பையும் எஞ்சியிருக்கும் வாய்ப்புகளையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாண்டை ஒதுக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, பிரசவ விடுப்பு போன்றவை தானாகவே வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. மதிப்பூதியத்தில் வருமான வரி பிடிக்கப்படலாம். கணக்கு தாக்கல் செய்தால், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் அதைத் திரும்பப் பெறலாம்.

எங்கெல்லாம் ஏமாறுகிறோம்?

முதல் பொறி பணம். ‘தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப், பதிவுக் கட்டணம் இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அப்படியே நம்பிவிடாதீர்கள். உண்மையான அரசு அறிவிப்பு அந்தத் துறையின் சொந்த இணையதளத்தில் இருக்கும். அதன் முகவரி பெரும்பாலும் ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடியும். ‘தேர்வாகிவிட்டீர்கள், முன்பணம் கட்டுங்கள்’ என்று எந்த அமைச்சகமும் தனிநபரின் யுபிஐ எண்ணைத் தராது. ‘அமைச்சரைத் தெரியும், சொல்லி வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவருக்கும் இதே பதில்தான்.

இரண்டாவது, கையெழுத்து. பாதியில் விலகினால் வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும், இத்தனை மாதம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கோர முடியும். அதற்காக இப்படிப்பட்ட நிபந்தனை எதுவுமே செல்லாது என்று நினைத்துவிடக் கூடாது. விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிக்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

மூன்றாவது, ரகசியம். அலுவலகக் கோப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது, பயனாளிகள் பட்டியலைச் சமூக ஊடகத்தில் போடுவது போன்றவை உங்கள் இடத்தைப் பறிக்கும். சில வேளைகளில் 1923 அலுவல் ரகசியச் சட்டம்வரை இழுத்துச் செல்லும். நீங்கள் எழுதிய ஆய்வறிக்கையை வெளியில் பிரசுரிக்க அனுமதி வேண்டுமா என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்டர்ன்களுக்கும் ஃபெல்லோக்களுக்கும் பொருந்தும். பயிற்சியாளர், தன்னார்வலர், ஊதியம் பெறாதவர் என எல்லோரையும் ‘பணியாளர்’ என்ற வரையறைக்குள் அந்தச் சட்டம் கொண்டுவருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் அலுவலகத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்திலும், புகார் அலுவலகத்தை நடத்துபவர் மீதே என்றாலும், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ‘நான் வெறும் இன்டர்ன்தானே’ என்று யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

தேர்வு எப்படி நடந்தது என்று கேட்கும் உரிமையைத் தருவது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தேர்வுக்கான அளவுகோல் என்ன, இடஒதுக்கீடு பின்பற்றப்பட்டதா என்று பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதவில்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தனியார் அறக்கட்டளைகள் நடத்தும் ஃபெல்லோஷிப்புகளுக்குப் பொதுவாக இந்தச் சட்டம் செல்லாது.

சிக்கல் வந்தால் எங்கே போவது?

மாதக்கணக்கில் மதிப்பூதியம் வரவில்லை, சான்றிதழ் தர மறுக்கிறார்கள், அதிகாரி சொந்த வீட்டு வேலை வாங்குகிறார் என்றால் வாய்மொழியாகப் புலம்புவதில் பயனில்லை. திட்டத்தின் பொறுப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் துறைச் செயலாளருக்கு. ஒன்றிய அரசுத் துறை என்றால் சிபிகிராம்ஸ் குறைதீர் தளம். தமிழ்நாட்டுத் துறை என்றால் ‘முதல்வரின் முகவரி’ துறை, உதவி எண் 1100. எதுவும் நடக்கவில்லை என்றால், அரசு அமைப்புக்கு எதிராக அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றிச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறலாம்; அழைக்க வேண்டிய எண் 15100.

போலி ஆட்களிடம் பணம் இழந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கும் வாய்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வழக்குத் தொடர முடியும். வெட்கப்பட்டு மறைத்தால் அதே ஆள் அடுத்த கல்லூரி வாசலில் நிற்பார்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆவணம். விளம்பர அறிவிப்பு, நியமனக் கடிதம், வருகைப் பதிவு, செய்த வேலையின் மாதக் குறிப்பு, வங்கிக் கணக்கு விவரம் ஆகிய ஐந்தையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அறிவிப்பு இணையதளத்திலிருந்து நீக்கப்படலாம் என்பதால் உடனே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

அரசு எப்படி இயங்குகிறது என்று தெரிந்த இளைஞர்கள் நாட்டுக்குத் தேவை. தகுதி இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். நிபந்தனைகளைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, முடிந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.