பிடித்துவிடும் கலை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கெலமங்கலம். கருநாடக எல்லையை அடுத்திருப்பதால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அங்கே கலந்து ஒலிக்கும். தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே அப்பகுதியிலும் சடுகுடு என்னும் கபடி ஆட்டம் இளைஞர்களின் உள்ளத்தைக் கவர்ந்த ஒன்றாகும். ஆட்டத்தில் ஒருவன் கால் பிசகி வீழ்ந்தால், உடனே பலர் ஓடிவந்து சூழ்ந்துகொள்வர். ஒருவர் எண்ணெய் தேடுவார். மற்றொருவர் வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்க்க முற்படுவார். அக்கைகளில் அன்பு உண்டு. ஆனால் அறிவும் உண்டா என்பதே வினா.

உடலைப் பிடித்துவிடுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. சித்த மருத்துவம் கூறும் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் இதுவும் ஒன்று. தொக்கணம் என்பது அதன் பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அஃது ஒன்பது வகைப்படும். எல்லைக்கு அப்பால், மைசூரின் மற்போர்க் கூடங்களில் மல்லர்கள் ஒருவர்க்கொருவர் எண்ணெய் தேய்த்து உடலைப் பிடித்துவிடுவது நெடுநாளைய வழக்கம். இளைய மல்லன் மூத்தவரின் உடலைப் பிடித்தே தசைகளின் இயல்பை அறிந்துகொள்வான்.

மேலை நாட்டிலும் இக்கலை தொன்மையானதே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராய் விளங்கிய காலன் என்னும் பேரறிஞர், பயிற்சிக்கு முன் தேய்க்கும் முறை வேறு, பின் தேய்க்கும் முறை வேறு என்று எழுதினார். பின்னர், 1894ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் செவிலியர் நால்வர் கூடி, இத்தொழிலைப் பயின்றோர்க்கென ஒரு சங்கம் நிறுவினர். தேர்வு எழுதித் தகுதி பெற்றோரே பிறர் உடலைத் தொடுதல் வேண்டும் என்பது அவர்கள் கொண்ட உறுதி. இன்று இயன்முறை மருத்துவர்களின் பெருஞ்சங்கமாக அது வளர்ந்து நிற்கிறது.

இக்கலையைக் கற்பவர் முதலில் உடற்கூற்றை அறிதல் வேண்டும். மனித உடலில் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகள் உள்ளன. ஒவ்வொன்றும் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது, அதன் இழைகள் எத்திசையில் ஓடுகின்றன என்பவற்றை அறியாத கை, இருளில் வழி தேடும் கால் போன்றது. கால்களை உருவும்போது பாதத்திலிருந்து தொடையை நோக்கி உருவுதல் வேண்டும் என்பர். அதற்குக் காரணம் உண்டு. குருதியை இதயத்திற்கு மீட்டுச் செல்லும் சிரைகளில் சிறு கதவுகளைப் போன்ற தடுப்பிதழ்கள் உள்ளன. அவை மேல்நோக்கி மட்டுமே குருதியைச் செல்லவிடும். இவ்வாறு, கை செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் நூல் ஒரு காரணம் கூறுகிறது.

எனினும் நூலறிவு மட்டும் போதாது. பயில்வோர் நகங்களைக் களைந்து, கைகளைத் தூய்மை செய்து, ஒருவர் உடலை ஒருவர் பிடித்துப் பழகுவர். விரல்களால் மட்டும் அழுத்தினால் அவை விரைவில் சோர்ந்துவிடும். ஆதலின் காலை ஊன்றி, முதுகை வளைக்காமல், உடலின் எடையையே கைகளுக்குச் செலுத்தக் கற்பர். முதலில் மென்மையாக உருவுதல், பின்பு பிசைதல், இறுதியில் மீண்டும் உருவுதல் என்பது பொதுவான ஒழுங்கு. இறுகிய தசை எது, தளர்ந்த தசை எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே கை உணருமளவும் பயிற்சி தொடர்தல் வேண்டும். படுத்திருப்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பாடமே. வலி மிகுந்தால் பயனும் மிகும் என்று எண்ணுதல் பிழையாகும்.

ஆட்டத்திற்கு முன் பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் விரைந்து தேய்த்தால் போதும். ஆட்டத்திற்குப் பின் மெல்ல, நிதானமாகப் பிடித்துவிடுதல் தகும். தசைகளில் தேங்கும் லாக்டிக் அமிலத்தை இது வெளியேற்றும் எனப் பலரும் நம்புகின்றனர். அஃது உண்மையன்று, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடல் தானே அதனை அகற்றிக்கொள்கிறது. ஓட்டத்தின் வேகமோ தசையின் வலிமையோ இதனால் கூடுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. கடும் பயிற்சிக்குப் பின் ஓரிரு நாட்கள் நீடிக்கும் வலி ஓரளவு குறைகிறது. தசைகளின் இறுக்கம் சற்றுத் தளர்கிறது. உள்ளம் அமைதி பெறுகிறது. இவையே இதன் உண்மையான பயன்கள்.

தொடத் தெரிந்தவர், தொடாமல் இருக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். புதிதாய்ப் பிசகி வீங்கிய மூட்டை உடனே தேய்த்தால் உள்ளே குருதிக் கசிவு பெருகும். அதற்கு ஓய்வளித்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, உயர்த்தி வைத்தலே முதற்செயல். அடிபட்டுக் கன்றிய தொடைத்தசையை வன்மையாகப் பிசைந்தால், அத்தசையினுள்ளே எலும்பு வளர்ந்துவிடுதலும் உண்டு. ஒரு காலின் கெண்டைத்தசை மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தால், சிரையினுள் குருதி உறைந்திருக்கக் கூடும். அதனைத் தேய்த்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறித்துவிடலாம். எலும்பு முறிவு, காய்ச்சல், தோல்நோய் ஆகியவை உள்ளபோதும் கை விலகி நிற்றல் வேண்டும். இத்தகையோரை மருத்துவரிடம் அனுப்புவதே அறிவுடைமை.

விளையாட்டுத் திடலில் வீழ்ந்தவனை நோக்கி முதலில் ஓடும் கால்கள் பாராட்டத்தக்கவை. ஆயினும் அவன் உடலைத் தொடுமுன் கண் காணட்டும், அறிவு ஆராயட்டும், அதன் பின்னரே கை செயற்படட்டும். அறிவின் வழி நடக்கும் கையே வலியைத் தீர்க்கும் கையாகும்.