பழவேற்காட்டு நாய்க்கு எத்தனை பாஷை?

பழவேற்காட்டில் படகு கரைக்கு வரும் நேரத்தில் மீன் ஏலம் எடுப்பவர்களோடு நாய்களும் கூடிவிடும். இறால், நண்டு, மடவை என்று கூடைகள் இறங்க இறங்க விலை கூவும் சத்தம், பேரம், திட்டு, சிரிப்பு எல்லாம் அவற்றின் காதிலும் விழுகின்றன. அதுவும் ஒரே பாஷையில் இல்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதிதான் நம் திருவள்ளூர் மாவட்டம். ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவு அரசுக் கணக்கில் ஆந்திரம், வீட்டுக்குள் பேச்சோ தமிழ். தமிழும் தெலுங்கும் இப்படிப் புழங்கும் கரையில் வளரும் நாய்க்கு இதிலெல்லாம் என்னதான் எட்டுகிறது?

இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரும் பதில் ஹங்கேரியில் கிடைத்திருக்கிறது. லாரா குவாயா என்ற ஆராய்ச்சியாளர் மெக்சிகோவிலிருந்து புடாபெஸ்ட்டுக்குக் குடிபோனபோது தன் நாய் குன்குன்னையும் அழைத்துப் போனார். அதுவரை ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்த நாய். புது ஊரில் தெருவெல்லாம் ஹங்கேரியன். மாற்றம் அதற்குத் தெரிகிறதா? அங்குள்ள ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் 18 நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் விழித்தபடியே அசையாமல் படுக்கப் பழக்கி, ‘குட்டி இளவரசன்’ கதையை இரண்டு மொழியிலும் கேட்க வைத்தார்கள். 2022-ல் வந்த அந்த ஆய்வின்படி, பேச்சையும் பேச்சல்லாத கலைந்த ஒலியையும் நாயின் மூளை பிரித்தறிகிறது. அதோடு, பழகிய மொழி ஒரு விதமாகவும் பழகாத மொழி வேறு விதமாகவும் அதன் செவிப்புலப் பகுதியில் பதிகின்றன. வயதான நாய்களிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. மனிதரோடு வாழ்ந்த ஆண்டுகள் கூடக் கூட அந்தக் காதும் தேறுகிறது போலும்.

‘நாய்க்குத் தொனிதான் புரியும், கொஞ்சிக்கொண்டே திட்டினாலும் வாலாட்டும்’ என்று நாம் சொல்வதுண்டு. பாதிதான் சரி. அதே பல்கலைக்கழகத்தின் அட்டிலா ஆண்டிக்ஸ் குழு 2016-ல் 13 நாய்களை வைத்து இதைச் சோதித்தது. பாராட்டுச் சொல்லைக் கொஞ்சலாகவும் சொன்னார்கள், உணர்ச்சியில்லாமலும் சொன்னார்கள். நாய்க்குப் பொருள்படாத சாதாரணச் சொற்களையும் அப்படியே. மூளை சொல்லையும் தொனியையும் தனித்தனியாகக் கவனித்தது. மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி முழுவீச்சில் இயங்கியது, பாராட்டுச் சொல் பாராட்டும் தொனியில் வந்தபோது மட்டும்தான். வெறும் கொஞ்சலுக்கு அது மசியவில்லை.

அதற்காக நாய்க் காதைப் புலவர் காது என்று நினைத்துவிட வேண்டாம். லில்லா மாஜாரி குழு 2020-ல் நாயின் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தது. பழகிய கட்டளையையும் முற்றிலும் வேறான உளறலையும் மூளை சட்டென்று பிரித்தது. ஓர் ஒலி மட்டும் மாறிய போலிச் சொல்லில் கோட்டைவிட்டது. பழவேற்காட்டில் இது சுவாரசியமான சங்கதி. விரட்டுவதற்கு இரண்டு மொழியிலும் ‘போ’ போதும். கூப்பிடத்தான் தமிழில் ‘வா’, தெலுங்கில் ‘ரா’. அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தை இங்கத்து நாய்கள் பொருட்படுத்தாது என்பது என் ஊகம்.

வேகமும் ஒரு தடைதான். நாம் ஒருவரோடொருவர் பேசும்போது நொடிக்குச் சுமார் 4 அசைகள் உதிர்க்கிறோம். நாய் எழுப்பும் ஒலியோ சுமார் 2. நாயிடம் பேசும்போது நம்மையறியாமல் 3-க்கு இறங்கிவிடுகிறோம் என்கிறது ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. நாயின் மூளை அந்த மெதுவான தாளத்தைப் பிடித்துத்தான் பேச்சைத் தொடர்கிறதாம். ஏலக்காரர் வாயிலிருந்து கொட்டும் விலைகள் அவற்றுக்கு இரைச்சலாகத்தான் இருக்க வேண்டும்.

புடாபெஸ்ட் நாய்கள் வீட்டில் செல்லமாக வளர்ந்தவை. குப்பத்து நாய்க்குத் தெருவே வீடு. அப்படிப்பட்ட நாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர் கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா. மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கைகாட்டி, தெருநாய்கள் என்ன செய்கின்றன என்று அவர் குழு பார்த்தது. பாதிக்குப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம், எந்தப் பயிற்சியும் இல்லாமல், காட்டிய கிண்ணத்துக்கே போயின. ஆக, அறிவுக்குக் குறைவில்லை; மனிதர் மேல் உள்ள பயம்தான் தடுக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க எது உதவும் என்பதையும் அவர்களே 2017-ல் எழுதினார்கள்: மறுபடி மறுபடி தீனி போட்ட அந்நியரைவிட, தலையைத் தடவிக்கொடுத்த அந்நியரிடமே தெருநாய்கள் அதிகம் ஒட்டின.

கருவாட்டுக்குக் கம்போடு காவல் இருக்கும் ஆயாக்களிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.