திருச்சி - சிங்கப்பூர்: போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்காலா? டிக்கெட் கணக்கின் பின்னணி என்ன?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாட்ஸ்அப்பில் டிக்கெட் அனுப்புகிறார். இரவு 8 மணிக்கு அங்கே கிளம்பி, 9.45-க்கு திருச்சி. "ஏன்டா, ஒன்றே முக்கால் மணி நேரத்துல வந்துடுவியா? சென்னையில இருந்து ரயில்ல வர்றதுக்கே அதைவிட அதிகமா ஆகுதே!"

நம்மில் பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது.

உண்மையில் எவ்வளவு நேரம்?

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 3,000 கி.மீ. உயரத்தை எட்டிய பிறகு விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். மேலேறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது எல்லாம் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய இதேதான்.

அப்போ டிக்கெட் பொய் சொல்கிறதா?

இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 8 என்றால் இங்கே மாலை 5.30. அதிலிருந்து நாலேகால் மணி நேரம் பறந்தால் 9.45. இதே கணக்கில், திருச்சியில் அதிகாலை 1 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது காலை 7.45. பார்க்க ஆறே முக்கால் மணி நேரம் போலத் தெரியும்.

ஏன் இரண்டரை மணி நேரம்?

சூரியக் கணக்குப்படி பார்த்தால், இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 25 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 100 நிமிடம்தான். ஆனால் கடிகாரத்தை அரசுகள் முடிவு செய்கின்றன. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவுடன் சேர்ந்து சிங்கப்பூரும் தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் 2 மணி நேரம்தான் வித்தியாசம்.

காற்றுக்கும் பங்கு உண்டு

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவின் மேல் வானில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வலுவாக வீசும். சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னிருந்து தள்ளிவிடும். சில நிமிடங்கள் கூடுவதும் குறைவதும் இதனால்தான்.

ஏமாறும் இடம் இதுதான்

நேரத்தைவிட ஆபத்தானது தேதி. டிக்கெட்டில் '18-ம் தேதி, 00.45' என்று இருந்தால், 17-ம் தேதி இரவே கிளம்பியாக வேண்டும். 18-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனால் விமானம் போய் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும்! வெளிநாட்டு விமானங்களுக்கான கவுன்டரை பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் இருந்து வருபவர்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஊரைக் கடந்து புதுக்கோட்டை சாலைக்கு வர வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அழைத்துவரப் போகிறீர்களா? வருகை நேரத்தில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள்: "நம்ம வீட்டுக் கடிகாரத்துல 9.45!"