கவுன்சிலர் இல்லாத ஊரில் நலச் சங்கம்

புதுச்சேரியில் ஒரு தெருவின் குறைகள் ஒரே அலுவலகத்தில் தீர்வதில்லை. குப்பைக்கும் மழைநீர் வாய்க்காலுக்கும் நகராட்சியிடம் போக வேண்டும். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித் துறையின் பொது சுகாதாரக் கோட்டத்தைச் சேர்ந்தவை. மின்கம்பம் சாய்ந்தால் மின்துறைக்கு நடக்க வேண்டும். ஒரு துறை தோண்டிப் போட்ட சாலையை எந்தத் துறை மூடுவது என்பதைத் தீர்மானிக்கவே சில நேரம் ஒரு மழைக்காலம் கடந்துவிடுகிறது. இத்தனை வாசல்களிலும் ஏறி இறங்கும் வேலையை இன்று ஒவ்வொரு நகரிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களே செய்கின்றன. சந்தா வசூலித்து, மனு எழுதி, இளநிலைப் பொறியாளரைக் கையோடு அழைத்து வந்து அடைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் அது மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் செய்ய வேண்டிய வேலை. அந்த மன்றம் இல்லாததால் சங்கங்களின் தோளில் வந்து விழுந்திருக்கிறது. சங்கம் எவ்வளவு திறமையாக இருந்தாலும் மன்றத்தின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

இந்த ஊருக்கு நகராட்சி புதிதல்ல. பிரெஞ்சு அரசு 1880-லேயே ஓர் ஆணையின் வழியாகக் கொம்யூன்களையும் நகராட்சி மன்றங்களையும் இங்கே ஏற்படுத்தியது. இன்றும் கிராமப்புற உள்ளாட்சியைக் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் அழைக்கிறோம். இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்விக்கு 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் சட்டப் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களும்தான். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக நின்றார்கள். ஆக, இந்த மண்ணின் எதிர்காலத்தைத் தீர்மானித்தவர்களில் கவுன்சிலர்களும் இருந்தார்கள். அதற்குப் பிந்தைய கதைதான் வேதனை. 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல். அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. பிறகு பத்தாண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில் மூன்று கட்டத் தேர்தலுக்கு அறிவிப்பு வந்தது. இட ஒதுக்கீடு குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2006-ல் முதல்முறை வாக்களித்த பதினெட்டு வயதுக்காரர், அதற்கு அடுத்த நகராட்சித் தேர்தலைப் பார்க்காமலேயே முப்பதைத் தாண்டிவிட்டார்.

இந்த வெற்றிடத்தின் விலையை உணர, 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக ஏறிய நச்சுவாயு தாக்கி, ஒரு மாணவி உட்பட மூன்று பெண்கள் இறந்தார்கள். கழிவு தேங்கிக் காற்றோட்டமில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அளவு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பமே மரத்துப்போகும் என்பதுதான் அதன் கொடூரம். கழிவறைக் குழாயின் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் இந்த வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. வளைவு இல்லாத பழைய இணைப்பிலும், தண்ணீர் வற்றிப்போன குழாயிலும் அந்தத் தடுப்பு இல்லை. அப்படியானால் ஆபத்தை முன்கூட்டியே அறிய ஒரே வழி, தெருத்தெருவாக, வீடு வீடாக இணைப்பைச் சோதிப்பதுதான். ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் அந்த மூன்று உயிர்களும் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் நாற்றம் வருகிறது, எந்த வீட்டு இணைப்பு பழையது என்பதெல்லாம் வார்டு அளவில் மட்டுமே தெரியும் விஷயங்கள். அதைக் கேட்டுத் துறையிடம் பதில் வாங்கும் அதிகாரமுள்ள ஆளும் அந்த அளவிலேயே இருக்க வேண்டும். சங்கம் மனு கொடுக்கலாம். பதில் வராவிட்டால் இன்னொரு மனு கொடுக்கலாம். மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதற்கும் வரவு செலவுக் கணக்கை நிறுத்தி வைத்துக் கேட்பதற்கும் அதற்கு வழியில்லை.

ஃபெஞ்சல் புயலும் இதையே காட்டியது. 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிய ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது, மக்களை மீட்க ராணுவம் வந்தது. அத்தனை மழையை எந்த வாய்க்காலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் இந்தப் பகுதிகள் சாதாரண மழைக்கே மிதப்பவை. ஒரு நகரின் நீர் அடுத்த நகர் வழியாகத்தான் வடிய வேண்டும். ஒரு சங்கத்தின் கவலை தன் எல்லையோடு முடிகிறது. மேட்டில் இருப்பவருக்கும் பள்ளத்தில் இருப்பவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஊர் முழுவதற்கும் பொதுவான மன்றம் வேண்டும்.

'எம்.எல்.ஏ. இருக்கிறாரே' என்பது இங்கே அடிக்கடி கேட்கும் மறுப்பு. அதில் நியாயம் உண்டு. 2021-ல் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 33,000 பேர். சென்னை மாநகராட்சியின் ஒரு வார்டும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். அதனால் புதுச்சேரி எம்.எல்.ஏ.வை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம், தெருவிளக்கைக்கூடச் சொல்லலாம். ஆனால் எம்.எல்.ஏ. கவுன்சிலர் வேலையைச் செய்தால், எம்.எல்.ஏ.வின் வேலையை யார் செய்வது? சட்டமன்றத்தில் அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர், தன் தொகுதி வாய்க்காலுக்காக அதே அரசின் தயவை எதிர்பார்த்து நிற்கிறார். நகராட்சியின் வரவு செலவோ மன்றம் இல்லாத நிலையில் அதிகாரிகளின் கையில் இருக்கிறது. 2011 முதல் என்.ஆர். காங்கிரஸும் காங்கிரஸும் மாறி மாறி ஆண்ட பிறகும் தேர்தல் நடக்கவில்லை என்பதைப் பார்த்தால், வார்டில் இன்னொரு தலைவர் முளைப்பதை யாரும் பெரிதாக விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கவுன்சிலர் வந்தால் கட்சி வரும், கமிஷன் வரும். சங்கமோ கட்சி சாராதது, கைச்சுத்தமானது என்கிறார்கள். பல சங்கங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் சங்கக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஆண்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், வாய்க்கால் ஓரக் குடிசைவாசி, வீட்டு வேலைக்கு வந்து போகும் பெண் ஆகியோருக்கு அங்கே நாற்காலி இல்லை. நகர்மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கும், மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் பட்டியல் சமூகத்தாருக்கும் அரசியல் சட்டப்படியே உறுதி. பூங்காவுக்கு வேலி போடுவதா, அதன் ஓரத்தில் கடை போடுபவரை விட்டுவைப்பதா என்ற கேள்விக்குச் சங்கத்தின் விடையும் வார்டின் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தவறு செய்யும் கவுன்சிலரை ஐந்தாண்டில் மாற்றலாம். அதிகாரியை மாற்றும் உரிமை வாக்காளருக்கு இல்லை.

ஆகவே சங்கங்கள் தங்கள் மனுக்களின் வரிசையில் தேர்தலையே முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பேன். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சியில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம். 2011 கணக்கெடுப்பிலேயே உழவர்கரை நகராட்சி அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டது. மன்றம் அமைந்தால், இன்று மனுவோடு காத்திருக்கும் சங்க நிர்வாகிகள் அந்தக் குழுக்களில் உரிமையோடு உட்கார வழி கேட்கலாம். பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கான புள்ளிவிவரம் தயாராகவில்லை என்பது தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணம். அந்த ஒதுக்கீடு நியாயமானது, அதற்கான கணக்கெடுப்பை விரைந்து முடிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. ஆனால் அதைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உத்தரவு மத்தியப் பிரதேசத்துக்கு மட்டுமல்லாமல் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.