கரிசல் வழக்குகள் – 7: யாருக்கு அந்த நாற்காலி?

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் மறுநாள் அடைத்தது கோவில்பட்டி கிளைச் சிறையில். இடையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 22-ம் தேதி இரவு மகன் போனார், 23-ம் தேதி காலை தந்தை. ஊரடங்கு நேரம் தாண்டி அவர்கள் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டுதான் வழக்கின் தொடக்கம். சிறைக்கு வரும் வழியில் மருத்துவரும் நடுவரும் இருந்தும், ரத்தம் கசிந்த அந்த இருவரையும் யாரும் தடுத்து நிறுத்தவில்லை.

காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரித்தே ஆகவேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவு. அதன்படி சாத்தான்குளம் போனவர் கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன். கேட்ட ஆவணங்களைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். நீதிபதி என்றும் பாராமல் அவர் காதுபட மரியாதையில்லாமல் பேசினார்கள். கேமரா பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததையும் அவர் கண்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விட உத்தரவிட்டது. விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேஜையிலும் இருந்த ரத்தக் கறையையும் தலைமைக் காவலர் ரேவதி பயந்துகொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். அந்த ஒரு பெண்ணின் துணிச்சலுக்கு இந்த மாவட்டம் கடன்பட்டிருக்கிறது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரர் முழங்காலின் கீழ் செத்தார். இரண்டையும் சேர்த்துப் பேசாதவர் இல்லை. அங்கே நிறம் என்றால் இங்கே எது என்ற கேள்வியை மட்டும் பலர் தாண்டிப் போய்விட்டார்கள்.

சாத்தான்குளம் நடந்த வாரம் இந்தப் பக்கம் இரண்டு விதப் பேச்சு காதில் விழுந்தது. கடைவீதியில், “கடை வச்சுப் பொழைக்கிறவங்களுக்கே இப்படியா?” என்று திகைத்தார்கள். காலனித் தெருவில் அழுகை இருந்தது, திகைப்பு இல்லை.

காரணம் தேடித் தூரம் போக வேண்டாம். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளம் போதும். 1995 ஆகஸ்ட் 31, பட்டப்பகல். சாதி மோதலை அடக்குகிறோம் என்று நூற்றுக்கணக்கான போலீஸார் அந்தத் தலித் ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடாவில் பாடுபட்டு அனுப்பிய காசில் வாங்கிய டி.வி., மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் நொறுங்கின. பாஸ்போர்ட்டும் சான்றிதழும் எரிந்தன. ஊர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள் என்றார்கள் மக்கள். அரசு அறிவித்த நிவாரணத்தை வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது சி.பி.ஐ. விசாரணை.

நம் ஸ்டேஷன் வாசல்களில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மனு கொடுக்க வரும் ஒருவருக்கு, “உக்காருங்கண்ணாச்சி” என்று பிளாஸ்டிக் நாற்காலி நகர்கிறது. இன்னொருவர் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டு, சுவரோரம் நிற்கிறார். மனு ரசீது கேட்கவே அவருக்கு நாக்கு எழவில்லை. நாற்காலி கிடைத்தவர் சட்டத்தை நம்புவதும் நின்றவர் நம்பாததும் படிப்பினால் வரும் வித்தியாசம் என்று நான் ஒப்பமாட்டேன். அவரவர் தாத்தா காலத்திலிருந்து அந்த வாசல் நடத்திய விதம் அது.

சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேண்டியதுதான். ஆனால் கொடியங்குளத்தில் சாட்சிக்குப் பஞ்சமில்லை, ஊரே பார்த்தது. அந்த ஊரின் வாக்குமூலத்தை நீதிபதி கோமதிநாயகம் விசாரணை ஆணையத்தின் முன் வைத்தபோது நடந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)