நின்ற மெஷினை ஓட வைக்கும் படிப்பு

சாஃப்ட்வேருக்குப் பெயர்போன வைட்ஃபீல்டிலிருந்து கிழக்கே போகப் போகத் தொழிற்சாலைகள். அங்கே தேவைப்படுவது சென்சாரும் ரிலேயும் தெரிந்த கைகள். அந்தக் கைகள் எங்கே தயாராகின்றன? தயாரான பின் என்ன கிடைக்கிறது?

வைட்ஃபீல்ட் என்றதும் கண்ணாடிக் கட்டடங்களும் அடையாள அட்டைகளும் நகராத டிராஃபிக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1882-ல் ஆங்கிலோ இந்தியர்கள் விவசாயம் செய்து சொந்தக் காலில் நிற்பதற்காக மைசூர் மகாராஜா கொடுத்த 3,900 ஏக்கரில் பிறந்த கிராமம் இது. அவர்களது சங்கத்தை நிறுவிய டி.எஸ். வைட்டின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. 1998-ல் சிங்கப்பூர் கூட்டுறவோடு ஐ.டி.பி.எல். திறக்கப்பட்டபின் கிராமம் காணாமல் போனது. பக்கத்திலேயே அரசு வளைத்துப்போட்ட இடத்துக்கு வைத்த பெயர் 'ஏற்றுமதி ஊக்குவிப்புத் தொழிற்பூங்கா'. அங்கிருந்து ஏற்றுமதியானது என்னவோ பெரும்பாலும் சாஃப்ட்வேர்தான்.

என்றாலும் தொழிற்சாலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கிராபைட் இந்தியா ஆலை மாசுப் பிரச்னையில் சிக்கி 2019-ல் மூடப்பட்டது. ஆனால் அதன் பெயரில்தான் இன்றும் சிக்னலைச் சொல்கிறார்கள். காடுகோடியில் விப்ரோ ஜி.இ. நிறுவனம் மருத்துவக் கருவிகள் தயாரிக்கிறது. கிழக்கே போனால் ஹொஸ்கோட்டேயில் 1998-லிருந்து வால்வோ. அதையும் தாண்டி கோலார் சாலையில் நரசாபுரா. அங்கே 2013-லிருந்து ஹோண்டா ஸ்கூட்டர்கள், 2020-லிருந்து ஐஃபோன்கள். இந்த ஆலைகளில் ஒரு வரிசை நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஆப்பரேட்டருக்கும் அது தெரியாது. மல்ட்டிமீட்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக வந்து பேனலைத் திறக்கிற டெக்னீஷியன் வேண்டும். அவர் படித்திருக்க வேண்டியதுதான் தொழில்துறை எலெக்ட்ரானிக்ஸ்.

ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் வேறு, இது வேறு. இதன் தொடக்கம் அமெரிக்க கார் ஆலை ஒன்றின் தலைவலி. 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் மெஷின்களை இயக்கியவை சுவர் சுவராக நின்ற ரிலே பேனல்கள். ரிலே என்பது எளிய சாமான்: காயிலில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு தகட்டை இழுக்கும், அது இன்னொரு இணைப்பைத் திறக்கும் அல்லது மூடும். இப்படி நூற்றுக்கணக்கில் கோத்து மெஷினுக்கு 'மூளை' செய்திருந்தார்கள். காரின் மாடல் மாறினால் அத்தனை வயரையும் பிடுங்கி மறுபடி மாட்ட வேண்டும். 1968-ல் டிக் மார்லி என்ற எஞ்சினியர் வயரை மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றினால் போதும் என்ற கருவிக்குத் திட்டம் வகுத்தார். அவரது நிறுவனத்தின் 84-வது புராஜெக்ட் என்பதால் அந்தக் கருவிக்கு 'மோடிகான் 084' என்று பெயர். இன்று உலகம் முழுக்க ஆலைகளில் உட்கார்ந்திருக்கும் பி.எல்.சி.-யின் முன்னோடி அது.

பி.எல்.சி. இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரு சாமர்த்தியமும் காரணம். அதற்கான புரோகிராமைக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதச் சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே படிக்கத் தெரிந்த ரிலே வரைபடத்தின் வடிவத்திலேயே, ஏணிப்படி போல, எழுத விட்டார்கள். 'லேடர்' என்ற பெயரே அதனால் வந்தது. ஷிஃப்டில் இருந்த எலெக்ட்ரீஷியன் மறுநாளே புதுக் கருவியைக் கையாளலாம். ஐம்பது ஆண்டு கடந்தும் பாலிடெக்னிக் மாணவனின் முதல் பாடம் அந்த ஏணிதான்.

அந்த முதல் பாடம் பார்க்க எளிதாக இருக்கும். ஒரு மோட்டார், இரண்டு பட்டன். பச்சையை அழுத்தினால் ஓட வேண்டும், கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிவப்பை அழுத்தினால் நிற்க வேண்டும். இதில் சிவப்புப் பட்டன்தான் விஷயம். அழுத்தாதபோது அதன் வழியே மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அழுத்தினால் அறுந்துவிடும். ஏன் இப்படித் தலைகீழாக? எலி வயரைக் கடித்தாலோ, ஸ்க்ரூ தளர்ந்தாலோ, பட்டனை அழுத்தியதாகவே கருதி மெஷின் நின்றுவிட வேண்டும் என்பதற்காக. மாறாக, அழுத்தினால்தான் மின்சாரம் போகும் என்று வைத்திருந்தால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஒருவர் கை மாட்டிக்கொண்டு பட்டனைத் தட்டும் அன்றுதான் தெரியும்.

இதிலேயே மாணவர்களுக்கு ஒரு பொறியும் இருக்கிறது. பழைய ரிலே படத்தில் ஸ்டாப் பட்டனை மூடிய இணைப்பாக வரைவார்கள். பி.எல்.சி. புரோகிராமிலும் அப்படியே வரைந்தால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. பட்டன் வழியாக மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருப்பதால், புரோகிராமில் அதைத் திறந்த இணைப்பாகத்தான் வரைய வேண்டும். புத்தகத்தில் படித்தவன் இதை ஒப்பிப்பான். பேனலில் வயர் மாட்டி, மோட்டார் அசையாமல், அரை மணி நேரம் தலையைச் சொறிந்தவன் மறக்க மாட்டான்.

அடுத்தது அளவுக் கருவிகள். தொட்டியில் எவ்வளவு தண்ணீர், குழாயில் எவ்வளவு அழுத்தம் என்பதை சென்சார் மில்லி ஆம்பியர் கணக்கில் சொல்லும். ஆனால் 0-விலிருந்து 20 வரை அல்ல, 4-லிருந்து 20 வரை. பத்து மீட்டர் தொட்டி காலியென்றால் 4, பாதியென்றால் 12, நிரம்பினால் 20. சுழி வந்தால்? தண்ணீர் இல்லை என்று அர்த்தமல்ல, வயர் போய்விட்டது என்று அர்த்தம். 'ஒன்றுமில்லை' என்பதற்கும் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த 4 மில்லி ஆம்பியர் காப்பாற்றுகிறது. நூறு மீட்டர் தள்ளியிருந்தாலும் மின்னழுத்தம் போல இந்த அளவு வழியில் குறைவதில்லை. இரண்டே வயரில் கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான யோசனையை எஞ்சினியரிங்கில் அதிகம் பார்க்க முடியாது.

பெங்களூர் ஆலைகளில் ஜப்பான் மெஷினும் ஜெர்மன் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஜப்பான் பக்கம் பெரும்பாலும் என்.பி.என். சென்சார், ஐரோப்பியப் பக்கம் பி.என்.பி. இரண்டும் ஒரே உருவம், ஒரே மூன்று வயர். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதை மாட்டிவிட்டால் சென்சாரில் விளக்கு அழகாக எரியும், பி.எல்.சி.-க்கு மட்டும் ஒன்றுமே தெரியாது. விளக்கு எரிகிறதே என்று நம்பி, பழுதை வேறெங்கோ தேடி ஒரு ஷிஃப்டைத் தொலைக்கலாம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இதைவிட ஆபத்தானது. உள்ளே வரும் 415 வோல்ட்டை அது முதலில் நேர்மின்சாரமாக மாற்றும். அப்போது கெப்பாசிட்டர்களில் 580 வோல்ட்டுக்குப் பக்கத்தில் சேர்ந்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் சில நிமிடங்கள் அது அங்கேயே இருக்கும். அதனால்தான் மூடியில் 'காத்திரு' என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்கும் பழக்கத்தையும், திறந்தபின் மீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் தருவதுதான் நல்ல வாத்தியாரின் வேலை.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது? விசித்திரம் என்னவென்றால், பெங்களூரின் பழைய பயிற்சிக்கூடங்கள் வைட்ஃபீல்டுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கின்றன. 1953-ல் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. வந்ததும் மேற்கு, வடமேற்குப் பகுதியே மெஷின்களின் ஊராகிவிட்டது. டென்மார்க் உதவியோடு 1972-ல் ராஜாஜிநகரில் தொடங்கிய அரசு டூல் ரூம் பயிற்சி மையம், அதாவது ஜி.டி.டி.சி., அங்கேதான். ஜெர்மன் உதவியோடு 1971-ல் யஷ்வந்த்பூர் பக்கம் வந்த ஃபோர்மேன் டிரெயினிங் இன்ஸ்டிடியூட் இப்போது தேசியத் திறன் பயிற்சி நிறுவனம். கேரளத்தில் தலசேரிக்குப் பக்கத்து நெட்டூரில் சுவிஸ் உதவியோடு பிறந்த என்.டி.டி.எஃப்., பீன்யாவுக்கு வந்து வேரூன்றியது. ஆடுகோடியில் மைகோ 1961-ல் ஆரம்பித்த அப்ரண்டிஸ் பள்ளி, இன்றைய பாஷ் நிறுவனத்துடையது. எல்லாமே வெளிநாட்டு வொர்க்‌ஷாப் மரபில் வந்தவை. காலையில் வகுப்பு என்றால் மதியம் அரம், வைஸ், பேனல். 2023 அக்டோபரில் மெட்ரோவின் ஊதாப் பாதை முழுவதும் திறந்தபின் வைட்ஃபீல்டில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யாவில் இறங்கலாம். அதற்கு முன் அதே தூரம் பஸ்ஸில் அரை நாளைத் தின்றுவிடும்.

அரசு ஐ.டி.ஐ.-க்களின் கதை வேறு. பல இடங்களில் மாணவர்கள் பழகியது அவர்களுடைய அப்பா காலத்து லேத்தில். 2022 ஜூனில் கர்நாடகத்தின் 150 ஐ.டி.ஐ.-க்கள் டாடா டெக்னாலஜீஸ் கூட்டுறவில் ரூ.4,700 கோடிக்கு மேல் செலவில் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டன. தமிழ்நாடு அதே பாணியில் 71 ஐ.டி.ஐ.-க்களுக்கு ரூ.2,877 கோடி ஒதுக்கி 2023 ஜூலையில் திறக்கத் தொடங்கியது. ரோபோ, தானியங்கிக் கட்டுப்பாடு என்று புதிய டிரேடுகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ரோபோவை வாங்கிவிடலாம், அதைக் கழற்றிப்போட்டுப் பழுது பார்க்க மாணவனை அனுமதிக்கும் வாத்தியாரை டெண்டரில் வாங்க முடியாது. விலை உயர்ந்த மெஷினுக்குக் கவர் போட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் திறந்து காட்டுவது நம் கல்விக்கூடங்களில் பழகிப்போன வியாதி. கம்ப்யூட்டர் திரையில் மாதிரி ஆலையை ஓட்டிக்காட்டுவது இன்னொரு சுலபவழி. திரையில் வயர் தளர்வதில்லை. மோட்டார் கேபிளை ஒட்டிப் போன சிக்னல் கேபிளில் இரைச்சல் ஏறுவதுமில்லை. ஆலையில் நடக்கும் பழுதில் பாதி இந்த ரகம்தான்.

மொழி இன்னொரு சங்கடம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பையனுக்கு மெஷினின் மேனுவல் ஆங்கிலத்தில், சில சமயம் ஜப்பானிய வாடை அடிக்கும் ஆங்கிலத்தில். சூப்பர்வைசர் கன்னடம் பேசுவார், பக்கத்தில் வேலை செய்பவர் இந்தி. நடைமுறையில் எல்லோரும் ஒரே பாஷைக்கு வந்துவிடுகிறார்கள்: கான்டாக்டர் ட்ரிப், சென்சார் கட், பேனல் ஓப்பன். அதில் வேலை நடக்கும். ஆனால் ஏன் ட்ரிப் ஆனது என்று யோசிப்பதற்கு ஒருவனுக்குத் தன் மொழியில் பாடம் நடந்திருக்க வேண்டும். தமிழ்ப் பாடப்புத்தகங்கள் 'மின்னணுவியல்' என்று தலைப்பு வைப்பதோடு திருப்தியடையாமல், வொர்க்‌ஷாப் வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்டு விளக்கினால் புண்ணியம்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியைவிடக் கடினமானது, எப்படிப்பட்ட வேலை என்பது. நரசாபுரா அதற்குப் பதில் சொன்ன நாள் 2020 டிசம்பர் 12. விஸ்ட்ரான் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் கண்ணாடிகளையும் வாகனங்களையும் அடித்து நொறுக்கினார்கள். எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு ரூ.21,000 என்று சொல்லி ரூ.16,000, பிறகு ரூ.12,000 தந்ததாகவும், மற்றவர்களுக்கு ரூ.8,000 வரை குறைத்ததாகவும் தொழிலாளர் தரப்பு அப்போது கூறியது. பெரும்பாலானவர்கள் ஆறு கான்ட்ராக்டர்கள் மூலம் வந்தவர்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாத நிலை. மாநில அரசின் விசாரணை, எட்டு மணி ஷிஃப்டைப் பன்னிரண்டாக்கியது உட்படச் சட்ட மீறல்களைக் கண்டது. ஆப்பிள் நிறுவனம் புதிய ஆர்டரை நிறுத்திவைத்தது. விஸ்ட்ரான் தன் இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத் தலைவரை நீக்கி, தொழிலாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. 2023-ல் ஆலை டாடா கைக்கு மாறியது.

உடைத்தது சரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று வருடம் படித்தவனை அசெம்பிளி வரிசையில் நிறுத்தி, அவனுக்குத் தெரிந்த ஏணியையும் சென்சாரையும் தொடவே விடாமல் 'எஞ்சினியர் டிரெயினி' என்று பெயர் மட்டும் கொடுப்பது இந்தத் துறையின் பழைய வித்தை. அப்ரண்டிஸ் திட்டத்திலும் அது நடக்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. சான்றிதழுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.7,000, டிப்ளமாவுக்கு ரூ.8,000. இதை உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைக்கவே 2025 ஆகிவிட்டது. வைட்ஃபீல்டில் நான்கு பேர் பங்குபோடும் பி.ஜி. அறைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும்.

மெயின்டெனன்ஸ் பிரிவுக்குள் நுழைந்துவிட்டவர் நிலை வேறு. பேனலைத் திறந்து பழுது கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளை எந்த ஆலையும் சுலபத்தில் விடாது. ஆட்டோமேஷன் வர வர, வரிசையில் நிற்கும் கைகள் குறையும். அந்த வரிசையைக் கவனிக்கும் கைகள் அதே அளவுக்குக் குறைவதில்லை. அந்தப் பிரிவு இன்னும் ஆண்களின் கோட்டையாக இருப்பதுதான் குறை. நரசாபுராவிலும் ஓசூர் அருகிலும் ஃபோன் பாகங்கள் செய்யும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. மல்ட்டிமீட்டர் மட்டும் அவர்கள் கைக்கு வந்து சேர மறுக்கிறது.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் கல்லூரிக்கு நேரில் போவது நல்லது. பிராஸ்பெக்டஸில் ரோபோ படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். லேபில் ஒரு பி.எல்.சி.-க்கு எத்தனை பேர், வயர் மாட்டுவது மாணவனா வாத்தியாரா, வேண்டுமென்றே பழுது வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா என்று கேட்கலாம். போன வருடம் முடித்தவர்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்பதோடு, யாருடைய சம்பளப் பட்டியலில், கம்பெனியுடையதிலா கான்ட்ராக்டருடையதிலா என்றும் கேட்கலாம். ஐ.டி.ஐ. இரண்டு வருடம் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும். பலருக்கு அது தெரியாமலே விண்ணப்பத் தேதி போய்விடுகிறது.